ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் குணம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

செந்தூரன்:
'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்கிறோம். அதே வாயால் 'ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?' என்றும் கேட்கிறோம். ஆளுமையில் பாதி மரபணு, பாதி வளர்ப்பு என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரே பெற்றோருக்குப் பிறந்து, ஒரே கூரையின்கீழ் வளர்ந்த அண்ணனும் தம்பியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? அந்தப் 'பாதி'யை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதும் உண்மைதானா?

மலர்விழி:
சிக்கல் 'மீதிப் பாதி வளர்ப்பு' என்பதில்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரே கரு பிரிந்து பிறந்த ஒருகரு இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு தனிக் கருக்களில் பிறந்த இருகரு இரட்டையருக்கு, ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் வளர்வது ஒரே வீட்டில். ஏராளமான ஜோடிகளிடம் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவைப் பார்க்கிறோம் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). ஒருகரு 0.46, இருகரு 0.23 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், ஆனால் உண்மை ஆய்வுகளிலும் இதை ஒட்டித்தான் வரும்.

மரபின் பங்கு (இரு வகைக்கும் இடையிலான வித்தியாசம் மரபணுவில் பாதிக்குத்தான் என்பதால் இருமடங்கு): (0.46 − 0.23) × 2 = 0.46
பொதுவான வீட்டின் பங்கு (ஒருகரு ஒட்டுறவில் மரபின் பங்கு போக): 0.46 − 0.46 = 0
மீதி: 1 − 0.46 = 0.54

நடுவில் வந்த பூஜ்யத்தைப் பாருங்கள். அந்த 0.54 வீட்டின் பங்கு அல்ல. ஒரே வீட்டுப் பிள்ளைகளையும் பிரித்துவிடும் காரணங்கள் அதில் அடங்கும்: வேறு வேறு நண்பர்கள், ஒருவருக்கு மட்டும் வந்த நோய், கருவிலேயே நடக்கும் தற்செயல்கள். அளவீட்டுப் பிழையும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. உடன்பிறப்புகளை வேறுபடுத்துவது எது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987இல் முன்வைத்தார்கள். இன்றும் அதற்கு முழு விடை இல்லை.

பெற்றோர் முக்கியமில்லை என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஒரே அதட்டலில் ஒரு பிள்ளை ஒடுங்கும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். தாக்கம் இருக்கிறது, அது இருவரையும் ஒன்றுபோல ஆக்குவதில்லை, அவ்வளவுதான்.

செந்தூரன்:
அப்படியானால் அண்ணன் தம்பிக்கு இடையில் ஒட்டுறவு 0.23தானா? இவ்வளவு குறைவா?

மலர்விழி:
ஆமாம், அண்ணன் தம்பிக்கும் இருகரு இரட்டையரைப் போலப் பாதி மரபணுதான் பொது என்பதால், இந்த எடுத்துக்காட்டில் அவ்வளவுதான். அண்ணன் கலகலப்பில் சராசரியைவிட 10 புள்ளி மேலே இருந்தால், தம்பியிடம் எதிர்பார்க்கக்கூடியது 2 புள்ளிக்குச் சற்று மேல். அதிலும் ஏற்ற இறக்கம் அதிகம்.

அறிவழகன்:
ஒன்றைச் சேர்க்கிறேன். 0.46 என்றால் ஒருவருடைய குணத்தில் 46 சதவீதம் மரபணு என்று அர்த்தமில்லை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆட்களுக்கு இடையே காணும் *வேறுபாட்டில்* மரபணு வேறுபாட்டின் பங்கு அது. நீங்கள் சொன்ன விரலையே எடுத்துக்கொள்வோம். கையில் ஐந்து விரல் முளைப்பது மரபணுவின் வேலை. ஆனால் ஒருவருக்கு நான்கு விரல்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது விபத்தில் போயிருக்கும். ஆகவே விரல் எண்ணிக்கையின் *வேறுபாட்டில்* மரபின் பங்கு மிகக் குறைவு. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மேலும், 'கூச்சத்துக்கான மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது. மிகச் சிறிய பங்களிக்கும் ஆயிரக்கணக்கான இடங்கள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

யாழினி:
வேறுபாடு இருக்கிறது என்று சொல்லுமுன் அளவுகோலைச் சரிபாருங்கள். ஆளுமையை அளக்கும் வினாக்களின் பொதுத் தொகுப்பான ஐபிஐபியின் (IPIP) 50 வினாத் தாள் இலவசம். கலகலப்பு, பொறுப்புணர்வு போன்ற ஐந்து பெரும் பண்புகளுக்கும் தலா 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அடிக்கடி நடக்கும் தவறு, எதிர்மறை வினாவைத் திருப்பாமல் கூட்டுவது. 'பொருட்களைப் போட்டது போட்டபடி விட்டுவிடுவேன்' என்பதற்கு ஒழுங்கானவர் 1 போடுவார். பொறுப்புணர்வுக் கணக்கில் அது 6 − 1 = 5 ஆக வேண்டும். திருப்ப மறந்தால் அந்த ஒரு வினாவிலேயே 4 புள்ளி போச்சு. இப்படிப் பல வினா சேர்ந்தால் எல்லோரும் நடுவில் வந்து குவிந்து, ஒரே மாதிரி தெரிவார்கள்.

அடுத்தது பிழை எல்லை. சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 10, நம்பகத்தன்மை (அளவீடு எவ்வளவு நிலையானது என்பது, உச்சம் 1) 0.84 என்றால் ஒரு மதிப்பெண்ணின் பிழை 10 × √0.16 = 4. இருவரை ஒப்பிடும்போது அது 5.7 ஆகிவிடும். ஆக, இருவருக்கும் நடுவே அதில் ஏறக்குறைய இருமடங்கான 11 புள்ளிக்குள் இருக்கும் இடைவெளியை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆட்களை இரண்டே வகையாகப் பிரிக்கும் தேர்வுகளை நம்பாதீர்கள். பெரும்பாலோர் நிற்பது நடுவில். அங்கேயே கோடு போட்டால் 49உம் 51உம் எதிரெதிர் வகை, 51உம் 80உம் ஒரே வகை.

அறிவழகன்:
ஐந்து, ஐம்பது கேள்வி விட்டுப்போச்சு. ஆளுமை ஆய்வாளர்கள் ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ இருவரும் 2000இல் 152 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளியில் ஒருவர் தம் வயதினரிடையே அதே இடத்தில் நிற்பதன் ஒட்டுறவு சிறுவயதில் 0.31, கல்லூரி வயதில் 0.54, 30 வயதில் 0.64, 50க்கு மேல் 0.74. ஐந்தில் இருப்பது நன்றாகவே வளைகிறது. ஐம்பதில் இறுகுகிறது, ஆனால் அப்போதும் 1 ஆகவில்லை. இது வரிசையில் யார் எங்கே என்பது பற்றியது மட்டும். 20 முதல் 40 வயதுக்குள் சராசரியாக எல்லோருக்குமே பொறுப்புணர்வு கூடுகிறது, மனக்கலக்கம் குறைகிறது. அண்ணனுக்கு 28, தம்பிக்கு 19 என்றால் இருவரையும் நேராக ஒப்பிடாதீர்கள். அவரவர் வயதுக்கான சராசரியோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு கழியுங்கள்.