கிளுவை வேலியை எடுக்கச் சொல்கிறார்கள், எப்போது எடுத்தால் சேதம் குறைவு?

ஓட்டுவீட்டு அம்மிணி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். ஓட்டு வீடு, முன்னால் கட்டுத்தரை, பின்னால் பொடக்காளி, சுற்றிலும் கிளுவை வேலி. மாமனார் போத்து (வெட்டின கொப்பு) ஊன்றி வளர்த்த வேலி அது. இப்போது கொழுந்தனார் ஒரே பிடியாக நிற்கிறார். கத்திரி முடிந்துவிட்டது, மழை பிடிப்பதற்குள் ஜேசிபியை விட்டு வேலியை எடுத்துவிடலாம், கல்லுக்கால் நட்டுக் கம்பி போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், பாம்பும் வராது என்கிறார். வீட்டுக்காரர் யார் எதைச் சொன்னாலும் சரி என்பார். அதனால் முடிவு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

வேலி இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் "பாவம் குருவிங்க" என்று சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. வேலியில் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே படித்துக் காட்டிவிடுவேன்.

சித்திரை முழுக்க வேலி மொட்டைதான், முள்ளும் பச்சைத் தோலும் மட்டும். வைகாசியில் ஒரு கோடை மழை அடித்ததும் இலை விட்டுவிட்டது. கோவைக்கொடி ஏறி மூடின இடத்தில், என் இடுப்பு உயரத்துக் கவட்டை ஒன்றில் கொண்டைக்குருவி கூடு வைத்திருக்கிறது. வாலுக்கு அடியில் சிவப்பாக இருக்குமே, அந்த ஜாதி. காய்ந்த வேரும் நாரும் சுற்றிக் கிண்ணம் மாதிரி கட்டியிருக்கிறது. நடுவே எங்கள் மாட்டுக் கயிற்றின் பிரி ஒன்றும் ஓடுகிறது. உள்ளே மூன்று முட்டை, வெளிர் ரோஸ் நிறத்தில் செங்கருப்புத் திட்டுத் திட்டாக. நான் குனிந்தால் தாய்க்குருவி பறந்து போய் வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு கத்தும். நான் நகர்ந்த பிறகுதான் இறங்கும்.

வேலிக்கு அடியில் கௌதாரி. கட்டுத்தரையில் சிந்துகிற சோளத்துக்கு வரும். ஆள் சத்தம் கேட்டால் பறக்காது, ஓடியே வேலிக்குள் புகுந்துவிடும். கம்பி வேலியில் எங்கே புகும்?

தவிட்டுக்குருவிக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம், நாள் முழுக்க நெல்லும் சருகும் கிளறிக்கொண்டு ஒரே சண்டை. இந்த வாரம் அதுகளெல்லாம் சேர்ந்து, கொண்டை வைத்த ஒரு கருப்பு வெள்ளைப் பறவையை விரட்டிக்கொண்டிருக்கின்றன. அது என்ன பறவை, எதற்கு விரட்டுகின்றன?

பொடக்காளிப் பக்கம் கறிவேப்பிலை, நாரத்தை, நந்தியாவட்டை. கறிவேப்பிலைக் கொழுந்தில் பச்சைப்புழு. கொழுந்தனார் மருந்து அடிக்கலாம் என்கிறார் (அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா இருக்கிறது). தண்ணீர் போகிற வாய்க்காலில் தேள்கொடுக்குச் செடி மண்டியிருந்தது, பிடுங்கி வேலிமேல் போட்டேன். அது காய்ந்து சருகான பிறகு அதில் கருப்பும் நீலமுமாகப் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டு தொங்குகின்றன. இரண்டடி தள்ளி இட்லிப்பூ பூத்துக் கிடக்கிறது, அதைச் சீண்டவில்லை. பூவே இல்லாத காய்ந்த செடியில் அப்படி என்ன இருக்கிறது?

வேலியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் எந்த மாதம் எடுப்பது, எந்தப் பக்கத்தை விட்டுவைத்தால் போதும்? அதைத்தான் முக்கியமாகச் சொல்லுங்கள்.

கொரங்காட்டான்:

அம்மிணி, நானும் உங்கள் சீமைதான். முதலில் ஜேசிபி வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளுவை வேரோடு போனால் அந்த இடத்து மண்ணும் சேர்ந்து போய்விடும். அப்புறம் ஆடிக் காற்றுக்கு வீட்டுக்குள் புழுதிதான். நம் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற வேகம் அது. வேலி அதைச் சலித்து அனுப்புகிறது.

கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்திருப்பவர்கள் கிளுவையை விடாமல் இருப்பதற்குக் காரணம் அழகு இல்லை. வெள்வேல் மரம், கொழுக்கட்டைப்புல், சுற்றிக் கிளுவை, இது மூன்றும் சேர்ந்தால்தான் மாட்டைக் காவல் இல்லாமல் விடமுடியும். கிளுவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, உரம் போட வேண்டியதில்லை. கழித்த கொப்பை வெள்ளாட்டுக்குப் போட்டால் தின்னும்.

கொழுந்தனாருக்குக் கம்பிதான் வேண்டும் என்றால் கம்பியும் போடட்டும். வேலிக்கு உள்பக்கம் ஓர் அடி தள்ளிக் கால் நட்டு நான்கு வரிசை இழுத்தால் போதும். பார்வைக்குக் கம்பி, வெளியே கிளுவை. நம் பக்கத்தில் நிறையப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததைக் கழித்துவிட்டு, சந்து விழுந்த இடத்தில் அதே கொப்பைப் போத்தாக ஊன்றுங்கள். விரல் கனத்துக்கு மேல் இருக்க வேண்டும், சாய்த்து ஊன்ற வேண்டும்.

தோட்டத்துக்குப் புதுசு:

நான் எதிர்க்கட்சி. எங்கள் வீட்டு வேலியில் போன வருஷம் நல்லபாம்பு வந்தது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. குருவிக்கு ஊரில் வேறு மரம் இல்லையா என்ன? வெட்டவெளியாக வைத்தால் நிம்மதி. அக்கா, உங்கள் கொழுந்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கரிச்சான்:

புதுசு தம்பி, பாம்பு பயம் நியாயமானதுதான். ஆனால் பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. கட்டுத்தரையில் சிந்தின தானியம், அடுக்கி வைத்த விறகு, ஓட்டுக் குவியல், இவை இருக்கிறவரை கம்பி வேலி போட்டாலும் வரும். கம்பிக்கு இடையில் நுழைய அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. வீட்டு வாசலிலிருந்தும் பொடக்காளிப் பாதையிலிருந்தும் பத்தடிக்குப் பெருக்கிச் சுத்தமாக வையுங்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் வேலியின் அடிக்கொப்பைக் கழித்து, தரை தெரிகிற மாதிரி விடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

அம்மிணி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது செங்குதக் கொண்டைக்குருவி. முட்டை பொரிய இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், குஞ்சு பறக்க அதே அளவு. ஒரு மாதம் பொறுத்தால் அந்தக் கூடு காலியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு ஈடு முடிந்ததும் அடுத்த ஈட்டுக்குப் பக்கத்திலேயே கட்டும். ஒரு கூட்டைப் பார்த்து நாள் குறித்தால் அது காலியாகும்போது இன்னொன்று நிரம்பியிருக்கும். கௌதாரியும் இப்போதுதான் முட்டை வைக்கும். தரையில் லேசான பள்ளம், அதில் காய்ந்த புல், அவ்வளவுதான் கூடு. ஜேசிபி ஓட்டுநருக்குக் கண்ணில் படவே படாது.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி கடைசியிலோ தையிலோ கை வைக்கலாம். அப்போது வேலியில் கூடுகள் குறைவு. அப்போதும் அரிவாள்தான், ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த வருஷம் அடுத்த பக்கம்.

எந்தப் பக்கத்தை விடுவது என்றால், கோவைக்கொடி ஏறின பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். கோவைப்பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும், குயில் வரும், எச்சத்தில் விதை போட்டு அடுத்த கொடியையும் அதுவே நட்டுவிடும்.

கருப்பு வெள்ளைக் கொண்டைக்காரன் சுடலைக்குயில். அது சொந்தமாகக் கூடு கட்டாது, தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகும். தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலப்பச்சை, இதன் முட்டையும் அதே நிறம். ஆளைக் கண்டால் விரட்டத் தெரிந்த தவிட்டுக்குருவிக்கு முட்டையைக் கண்டால் வித்தியாசம் தெரியாது. வடக்கே இந்தப் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து மழையோடு வரும். நம் தெற்கில் வருஷம் முழுக்க இருக்கிறதும் உண்டு. உங்கள் வேப்பமரத்தில் காக்காய் கூடு இருந்தால் அதையும் கவனியுங்கள். குயில் குஞ்சுக்குக் காக்காய் ஊட்டுகிற பருவம் இதுதான். காக்காய்க் குஞ்சுகளையும் குயில் குஞ்சையும் ஒரே கூட்டில் ஒன்றாக வளர்ப்பதும் நடக்கும்.

எருக்கம்பூ:

காய்ந்த தேள்கொடுக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் அக்கா. அதைத் தயவுசெய்து அங்கேயே விடுங்கள்.

நீங்கள் பார்த்த கருப்பு, வெண்புள்ளிக் கருப்பன். நீலக்கோடு போட்டது நீலவரியன். பக்கத்தில் போய்ப் பாருங்கள், பயப்படாது, அந்த நேரத்தில் கையால் தொட்டாலும் சட்டென்று பறக்காது. முன்னங்காலால் சருகைச் சுரண்டும், உறிஞ்சுகுழலை நீட்டி அந்த இடத்தை நனைக்கும், திரும்ப உறிஞ்சும். அது குடிப்பது தேன் இல்லை. தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் ஒருவகைக் கசப்பு நஞ்சு இருக்கிறது. செடி காய்ந்தோ கசங்கியோ போனால் அது எளிதாகக் கிடைக்கும். அப்பிக்கொண்டிருப்பதில் முக்கால்வாசி ஆண். அந்தச் சரக்கிலிருந்துதான் பெட்டையை மயக்குகிற வாசனையைத் தயாரிக்கும். உடம்பில் நஞ்சு ஏறுவதால் குருவிகளும் தின்ன யோசிக்கும். அதனால்தான் இட்லிப்பூவைச் சீண்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கூட்டம் உங்கள் ஊர்ப் பூச்சி இல்லை, வழிப்போக்கர்கள். தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் சேர்வராயன், கொல்லிமலைப் பக்கத்துக்கும் இவை கூட்டம் கூட்டமாகப் போகும். வடகிழக்கு மழைக்கு முன்னால், புரட்டாசி ஐப்பசி வாக்கில் திரும்பி மேற்கே போகும். வழியில் இறங்கித் தங்குகிற இடங்களில் உங்கள் பொடக்காளி வாய்க்காலும் ஒன்று.

கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து வேண்டாம். வேப்பெண்ணெய் கூட வேண்டாம், "இயற்கை" என்று பெயர் போட்டிருந்தாலும் புழுவை அதுவும் கொல்லும். புழுவின் முதுகில் மெதுவாக ஓர் ஈர்க்குச்சியால் தட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டை வெளியே வரும், கூடவே வாடையும். எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு அது. சின்ன வயதில் அதே புழு குருவி எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து யாரும் மருந்து அடிக்க ஓடுவதில்லை. மரம் பெரிதென்றால் கொழுந்து திரும்ப வந்துவிடும். செடி சின்னது என்றால் புழுவை எடுத்து நாரத்தையில் விடுங்கள், அதையும் தின்னும்.

அதிலிருந்து வருவது கறிவேப்பிலை அழகி. பெட்டையில் ஒரு ரகம் சிவப்புப் புள்ளி போட்டு, ஆடுதீண்டாப்பாளையில் வளர்கிற நஞ்சுள்ள பட்டாம்பூச்சியைப் போலவே வேஷம் போடும். எது எது என்று தெரிய உடம்பைப் பாருங்கள். உடம்பும் சிவப்பு என்றால் அசல். உடம்பு கருப்பு, இறக்கையில் மட்டும் சிவப்பு என்றால் உங்கள் கறிவேப்பிலையில் வளர்ந்த வேஷக்காரி. தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி என்று 2019இல் தமிழ் மறவனை அறிவித்தார்கள். அது மலைக்காட்டுக்காரன், உங்கள் ஊருக்கு இறங்கி வருவது சந்தேகம். எனக்குக் கேட்டால் இந்த வேஷக்காரி ஒன்றும் அதற்குக் குறைந்தவள் இல்லை.

நந்தியாவட்டையில் கட்டைவிரல் கனத்துக்குப் பச்சைப்புழு, முன்பக்கம் நீலக்கண் இரண்டு வைத்தது வந்தால் பதறாதீர்கள். அரளி அந்துப்பூச்சியின் புழு அது. இலையைக் காலி செய்யும், செடி சாகாது.

ஓட்டுவீட்டு அம்மிணி:

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து முழுவதையும் சத்தமாகப் படித்தேன். கொண்டைக்குருவிக்குக் கொழுந்தனார் அசையவில்லை. கொரங்காட்டான் அண்ணன் சொன்ன காற்றும் புழுதியும் அவருக்குப் பிடிபட்டது. போன ஆடியில் அவருடைய மோட்டார் ரூமில் ஓடு பறந்தது, அது ஞாபகம் வந்திருக்கும்.

கடைசியில் ஒப்பந்தம் இதுதான். வாசல் பக்கம் மட்டும் தையில் கழித்துக் கம்பி போடுவது, அங்கே அடியைச் சுத்தமாக வைப்பது. கோவை ஏறின பக்கமும் பொடக்காளிப் பக்கமும் அப்படியே இருக்கும். விறகுக் குவியலை நகர்த்துவது அவர் வேலை என்று முடிவாகியிருக்கிறது. இன்னும் நகர்த்தவில்லை.

காலையில் ஈர்க்குச்சியோடு போய்ப் புழுவைத் தட்டிப் பார்த்தேன். சிவப்புக் கவட்டை வந்தது, வாடையும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த சின்னவன் இப்போது இருக்கிற புழுவையெல்லாம் தட்டிக்கொண்டு திரிகிறான், அவனிடமிருந்து புழுவைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருக்கிறது.

இன்னொரு சங்கதி. காய்கறிப் பாத்தியில் முளைவிட்ட அவரையை மயில் வந்து ஒன்றுவிடாமல் கொத்திவிட்டுப் போகிறது. மயிலைத் தொட்டால் சட்டம் பாயும் என்று தெரியும், அதை விரட்ட வழி கேட்கவில்லை. முளைக்கு மேல் என்ன மூடினால் நிற்கும்? பழைய சேலை கட்டினேன், அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கொத்துகிறது. யாராவது வலை போட்டுப் பார்த்திருந்தால், கால் மாட்டிக்கொள்ளாத ரகம் எது என்று சொல்லுங்கள்.