பழைய விளையாட்டு, புதுக் கணினி, தப்பான சத்தம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காட்டுப்பாதை:
பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸ், இசைக்கு வாத்திய ஒலிகளைத் தரும் சவுண்ட்ஃபாண்ட் எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ராஜா, மந்திரவாதி, கோட்டை வகையறா சாகச விளையாட்டு. 1990-க்கு முன்னால் வந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் ஆட வேண்டும். ஒலி அமைப்புப் பட்டியலில் ரோலண்ட் எம்டி-32 என்று ஓர் இசைப்பெட்டியின் பெயர் இருந்தது. பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று அதையே தேர்ந்தெடுத்தேன். இசை வந்தது. அங்கங்கே கோணலாகத்தான் கேட்டது, ஆனால் அந்தக் காலத்து இசை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காட்டுக்குள் நுழைந்தேன். மரம், ஓடை, ஆள் நடமாட்டமே இல்லை. திடீரென்று டெலிபோன் மணி அடித்தது.

முதலில் என் போனை எடுத்துப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன், மணி இல்லை. மாட்டினேன், அடிக்கிறது! வாளும் குதிரையும் இருக்கிற உலகத்தில் டெலிபோன் என்றால், உருவாக்கியவர்கள் ஏதோ குறும்பு செய்து ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே தோன்றும்? இரண்டு சாயங்காலம் அந்தக் காட்டை விட்டு நகரவில்லை. மரப்பொந்தைப் பார், புதரை விலக்கு, டெலிபோனை எடு என்று என்னென்னவோ தட்டினேன். அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று விளையாட்டு சலிக்காமல் பதில் சொன்னது.

அந்த இடத்தில் வர வேண்டியது குருவிச் சத்தம் என்று வெகுநாள் கழித்து வேறொருவர் ஆடிய பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. குருவி எப்படி டெலிபோன் ஆனது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒன்பதுகுரல்:
எங்கள் வீட்டில் இருந்தது ஆட்லிப் ஒலிக்கு ஒத்துப்போகிற சாதாரண சவுண்ட் கார்டு. ஒரே நேரத்தில் ஒன்பது குரல், அவ்வளவுதான். நானும் அண்ணனும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து ஆடுவோம். அதெல்லாம் போகட்டும். போன வருடம் அப்போது ஆடிய விளையாட்டு ஒன்றை மறுபடி எடுத்து, எம்டி-32 பெட்டியைப் போலவே கணினிக்குள் வாசிக்கும் மண்ட் எமுலேட்டரை நிறுவி, அதற்கு வேண்டிய ரோம் கோப்புகள் (பெட்டியின் உள்நினைவகப் பிரதிகள்) இரண்டையும் போட்டு, எம்டி-32 ஒலியில் ஓட விட்டேன். சரங்கள், மணி, எதிரொலி எல்லாம் சேர்ந்து என்ன ஒரு தலைப்பு இசை! உடனே அண்ணனுக்கு அழைத்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.

அரை நிமிடம் பேசாமல் கேட்டார். அப்புறம் சொன்னார்: “நல்லா இருக்குடா. நம்ம பாட்டு எப்ப வரும்?”

நம்ம பாட்டுதான் அது, ஒரு சுரம் மாறவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே அமைப்பை மறுபடி ஆட்லிப்புக்கு மாற்றிவிட்டேன்.

பழம்பெட்டி:
ஒன்பதுகுரல், உங்கள் அண்ணன் சொன்னது பாசம். அதை வைத்து எது அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சியரா என்ற விளையாட்டு நிறுவனம் 1988-இல் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் 4-லிருந்து எம்டி-32-ஐ மனதில் வைத்தே இசை எழுதினார்கள். அந்தப் பெட்டியை சியராவே வாங்கி விற்கவும் செய்தது. ஆட்லிப்புக்கு வந்தது அதைச் சுருக்கிய வடிவம். சின்ன வயதில் நகலைப் பார்த்தவர் அசலை அடையாளம் தெரியாமல் போவது சகஜம்.

என் கதை வேறு. எனக்கு எமுலேட்டர் போதவில்லை, பெட்டியே வேண்டும் என்று பழைய எம்டி-32 ஒன்றை வாங்கினேன். 1987-இல் வந்த முதல் ரகம், ஹெட்ஃபோன் துளைகூட இல்லாதது. அதன் முகப்பில் 20 எழுத்து மட்டும் காட்டும் சின்னத் திரை இருக்கிறது. சில விளையாட்டுகள் தொடங்கும்போது அந்தத் திரைக்கு ஒரு வாழ்த்தோ வேடிக்கை வரியோ அனுப்பும். அந்த ஒரு வரியைப் பார்ப்பதற்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். வயரை மாட்டி, விளக்கை அணைத்து, டாஸ்பாக்ஸை ஓட விட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஃபர் ஓவர்ஃப்ளோ என்று வந்தது.

திரும்ப ஓட விட்டேன், திரும்ப அதே. கெட்டுப்போன பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்று விற்றவருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. முதல் ரகப் பெட்டிகளுக்கு வாய் சின்னது. புதிய ஒலிகளை ஏற்றும் சிஸெக்ஸ் செய்திகளை இன்றைய கணினி மடமடவென்று ஊற்றினால் விழுங்க முடியாது. டாஸ்பாக்ஸின் மிடி (இசைக் கட்டளைகளை எண்களாக அனுப்பும் முறை) அமைப்பில் டிலேசிஸெக்ஸ் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், நிறுத்தி நிதானமாக ஊட்டும். சேர்த்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவதற்கு ஒரு மணி நேரம்.

ஒன்பதுகுரல்:
பாசம்தான், இல்லை என்று யார் சொன்னது? இசையமைப்பாளர் அறையில் நான் வளரவில்லையே. நகல் என்கிறீர்கள், ஒலியைத் தானே உருவாக்கும் ஆட்லிப்பின் எஃப்எம் சிப்புக்கென்றே எழுதிய இசை எத்தனையோ இருக்கிறது. அதையும் எம்டி-32-இல் கேட்டால்தான் அசல் என்பீர்களா?

தூங்காதவன்:
சண்டை நடக்கட்டும், நடுவில் என் கதை.

டாஸ்பாக்ஸில் இசை எங்கே போக வேண்டும் என்று ஓர் எண் கொடுப்போமே, அதில் நான் 1 என்று எழுதி வைத்திருந்தேன். சாஃப்ட்வேர் சிந்தசைசர் அந்த எண்ணில் இருந்தது, பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தேன். கத்திச் சத்தம் வருகிறது, காலடி வருகிறது, இசை மட்டும் இல்லை. விளையாட்டுக்குள் இசையின் அளவை ஏற்றினேன். இல்லை. கடைசி வரை ஏற்றினேன். அப்போது தோளில் ஒரு கை. என் மனைவி. முகம் சரியில்லை. “ஹால்ல யாரு கீபோர்டு வாசிக்கிறது?” என்றாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். இருட்டு ஹாலில், நீள யூஎஸ்பி வயரின் மறுமுனையில், மகள் அணைக்காமல் விட்டுப்போன கீபோர்டு முழுச் சத்தத்தில் போர் இசை முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டைகூட அசையவில்லை.

வேறொன்றுமில்லை, கீபோர்டை மாட்டியதும் எண்கள் வரிசை மாறி 1 அதற்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் விளையாட்டைத் தொடங்குமுன் மிக்ஸர் கட்டளையில் லிஸ்ட்மிடி போட்டு எண்ணைச் சரிபார்க்கிறேன். மனைவி ஹாலைச் சரிபார்க்கிறாள்.

ஐஆர்க்யூஏழு:
எனக்கு நடந்தது சின்னது. வில்லன் வெல்கம் என்று சொல்ல வாயைத் திறந்தான். வெல், வெல், வெல் என்று நான் கணினியை அணைக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தான். பின்னால் இசை பாட்டுக்கு அழகாக ஓடுகிறது. இசை வருகிறதே, அப்படியானால் சவுண்ட் கார்டு அமைப்பு சரிதான் என்று நினைத்து ஒரு வாரம் வேறு இடங்களில் தேடினேன். அங்கேதான் தப்பு.

இங்கே எழுதியவர்களில் பாதிப் பேர் அதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசையும் பேச்சும் ஒரே கார்டிலிருந்து வந்தாலும் வழி வேறு. எஃப்எம் இசைக்கு 388 என்ற போர்ட் மட்டும் போதும். பதிவு செய்த குரலுக்கு 220 என்ற முகவரி, ஐஆர்க்யூ (கார்டு கணினிக்குச் சைகை தரும் எண்), டிஎம்ஏ (ஒலித் தரவு போகும் தடம்) மூன்றும் பொருந்த வேண்டும். டாஸ்பாக்ஸில் ஐஆர்க்யூ இயல்பாக 7, டிஎம்ஏ 1. விளையாட்டின் அமைப்புத் திரையில் 5 என்று இருந்தால் முதல் துண்டு ஒலி முடிந்த செய்தி அதற்குப் போய்ச் சேராது; அதே துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். என் வில்லன் கதை அதுதான். தானாகக் கண்டுபிடி என்ற பொத்தானை நம்பாதீர்கள், எண்ணை நீங்களே கொடுங்கள்.

அடுத்தது மிடி. விளையாட்டு யாருக்கு எழுதுகிறது, எமுலேட்டர் அதை எங்கே அனுப்புகிறது, கடைசியில் யார் வாசிக்கிறார்கள் என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஜெனரல் மிடி என்ற பொதுத்தரமே 1991-இல்தான் வந்தது. அதை வாசிக்கும் ரோலண்டின் எஸ்சி-55 பெட்டியும் அதே வருடம்தான். ஆகவே அதற்கு முந்தைய விளையாட்டில் ரோலண்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது எம்டி-32 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மண்ட் வைத்துக்கொள்ளுங்கள். பிந்தையதில் ஜெனரல் மிடி இருந்தால் ஃப்ளூயிட்சிந்த் என்ற மென்பொருள் சிந்தசைசரும் ஒரு நல்ல சவுண்ட்ஃபாண்டும் போதும். முகவரி இரண்டுக்கும் பெரும்பாலும் 330. சில பழைய விளையாட்டுகள் எம்பியூ-401 என்ற மிடி இடைமுகத்தை அதன் புத்திசாலி முறையில் எதிர்பார்க்கும். டாஸ்பாக்ஸில் அது இயல்பாகவே உண்டு, தெரியாமல் யூஆர்ட் என்ற எளிய முறைக்கு மாற்றி வைத்து இசையைத் தொலைக்காதீர்கள். டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற புதிய வடிவம் வைத்திருப்பவர்களுக்கு மண்ட், ஃப்ளூயிட்சிந்த் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, தூங்காதவன் மாதிரி எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம்மிலும் மண்ட் உள்ளேயே உண்டு, ரோம் கோப்புகளை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். அப்புறம் சவுண்ட்ஃபாண்ட் பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பது மூடநம்பிக்கை. 30 எம்பி அளவுள்ள ஜெனரல்யூசர் ஜிஎஸ்-ஐ, அதைப்போல் பல மடங்கு பெரியவற்றோடு வைத்துக் கேட்டுப் பாருங்கள். பெரியதில் பியானோ அருமையாக இருக்கும், டிரம் மட்டும் தனியாகக் காதில் அறையும். பாட்டு பாட்டாக இருக்காது. இன்னொன்று, விளையாட்டின் வேகத்தை...

மெட்டில்லாதவன்:
ஐஆர்க்யூஏழு, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே யாரும் எப்படி அமைப்பது என்று கேட்கவே இல்லை.

என்னுடையது. விண்வெளி விளையாட்டு ஒன்றை மூன்று மாதம் ஆடினேன். அதன் இசை அப்படியே என்னை இழுத்துக்கொண்டது. மெட்டே கிடையாது. அடியில் பேஸ் நகரும், மேலே மெல்லிய சரங்கள், தூரத்தில் டிரம். வெற்றிடத்தின் தனிமையை இவ்வளவு துணிச்சலாக ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று வியந்துபோய், தெரிந்தவர்களுக்கெல்லாம் நீளநீளமாக எழுதியிருக்கிறேன். ஒரு நாள் நண்பர் வீட்டில் அதே விளையாட்டு. முதல் காட்சியிலேயே டிரம்பெட் ஒன்று ஊர்வலம் போகிற மாதிரி மெட்டு வாசிக்கிறது. இது என்ன என்றேன். பாட்டு என்றார்.

அது ஜெனரல் மிடி விளையாட்டு, நான் எம்டி-32 எமுலேஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எம்டி-32 இயல்பாக 2 முதல் 10 வரையுள்ள சேனல்களைத்தான், அதாவது இசைத் தடங்களைத்தான், கேட்கும். மெட்டு இருந்தது 1-இல்.

சரியாக்கிவிட்டேன். ஆனால் அந்த டிரம்பெட்டை எனக்குப் பிடிக்கவில்லை. பழம்பெட்டி திட்டினாலும் பரவாயில்லை, இப்போதும் நான் 1-ஆம் சேனலை அடைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன்.

பழம்பெட்டி:
திட்டவில்லை. மனசு மட்டும் வலிக்கிறது.

காட்டுப்பாதை, உங்கள் டெலிபோனுக்கு வருகிறேன். விளையாட்டு எம்டி-32-க்கு எழுதுகிறது, வாசித்தது ஜெனரல் மிடி சவுண்ட்ஃபாண்ட். இரண்டிலும் வாத்தியங்கள் 128, வரிசைதான் வேறு. எம்டி-32 பட்டியலில் 125-ஆவது குருவி. ஜெனரல் மிடியில் 125-ஆவது டெலிபோன் மணி. விளையாட்டு 125 என்று மட்டுமே சொல்லும், பெயரைச் சொல்லாது. இசை கோணலாக இருந்தது என்றீர்களே, அதுவும் இதனால்தான். எம்டி-32-இல் ஆர்கெஸ்ட்ரா மொத்தமாக ஓங்கி அடிக்கும் ஒலி 123. உங்களுக்கு அங்கே கடலலை கேட்டிருக்கும்.

காட்டுப்பாதை:
கடலலை கேட்டது! கோட்டைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும். கோட்டை கடலோரம் என்றே நினைத்திருந்தேன், என் வரைபடத்தில் கடலைக்கூட வரைந்து வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். எம்டி-32-இல் டெலிபோன் எத்தனையாவது?

பழம்பெட்டி:
124. ஜெனரல் மிடியில் அந்த இடத்தில் இருப்பது குருவி. நேர் எதிராக மாறியிருக்கிறது.

காட்டுப்பாதை:
இதே அமைப்பில் ஒரு துப்பறியும் விளையாட்டும் ஆடினேன். துப்பறிபவரின் அலுவலகத்தில் யாருமில்லை, மேசை, நாற்காலி, சாத்திய ஜன்னல். வெளியே ஒரு குருவி விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. அமைதியான காட்சி என்று ரசித்தேன். அடுத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை, எங்கே போனாலும் கதை நகரவில்லை, கடைசியில் விட்டுவிட்டேன்.

சேமித்த கோப்பு இன்னும் இருக்கிறது. போய் அந்த போனை எடுத்துவிட்டு வருகிறேன்.