ஃப்ளூட் சோலோ பீஸோட பியானோ பார்ட்டை கான்சர்ட் பேண்டுக்கு மாத்தணும், எப்படி ஆரம்பிக்கிறது?

நோட்டுப்புத்தகம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பேண்ட்ல ஒரு பொண்ணு ஃப்ளூட் ரொம்ப நல்லா வாசிப்பா, பியானோவோட வாசிச்சிட்டு இருக்குற ஒரு பீஸை முழு பேண்டோட வாசிக்கணும்னு ஆசைப்படறா, அந்த பியானோ பார்ட்டை பேண்டுக்கு எழுதுற வேலை என்கிட்ட வந்திருக்கு. காபிரைட் முடிஞ்ச பழைய பீஸ்தான், அந்தப் பிரச்சனை இல்ல. கீ டி மேஜர். இடது கையில பெடல் (சத்தத்தை நீடிக்க வைக்கிற மிதி) போட்டுப் பிடிச்ச ஆக்டேவ் (ஒரே நோட் கீழயும் மேலயும்), வலது கையில செமிக்வேவர் அர்பெஜியோ (கார்டோட நோட்டை வேகமா ஒவ்வொண்ணா வாசிக்கிறது) ஓடிட்டே இருக்கும். இடது கையை ட்யூபா, யூஃபோனியத்துக்கும் வலது கையை க்ளாரினெட்டுக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டா போதுமா? நடுவுல ஃப்ளூட்டுக்குக் கீழ் ஆக்டேவ்ல நீளமா ஒரு மெலடி வருது, அது அமுங்கிடுமோன்னு கவலையா இருக்கு. பேண்ட் சுமார் 40 பேர், நடுத்தர லெவல்.

பழைய_பேண்ட்மாஸ்டர்:
கையைப் பிரிச்சுக் கொடுக்காதீங்க தம்பி. பேப்பர்ல இருக்குற நோட்டை விட்டுட்டு, பியானோல அது எப்படிக் கேக்குதுன்னு முதல்ல காதுல வாங்குங்க. பியானோல ஒரு கார்டை அடிச்சா அடிச்ச அடுத்த நொடியே சத்தம் தேய ஆரம்பிச்சிடும், அந்த தேயுற இடத்துலதான் சோலோ வாசிக்கிறவங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்குது. காத்து வாத்தியத்துல அப்படி இல்ல, ஊதிட்டு இருக்குற வரைக்கும் சத்தம் அப்படியே நிக்கும். அதனால பியானோ ஸ்கோர்ல முழு பாருக்கு (ஒரு தாளச் சுற்று) ஒரு ஆக்டேவ் ஃபோர்டேன்னு (பலமா) இருந்தா அதை அப்படியே ட்யூபாவுக்கு எழுதக்கூடாது, ஆரம்பத்துல மட்டும் லேசா ஒரு அழுத்தம் கொடுத்து உடனே சத்தத்தை நல்லா இறக்கிடுங்க, இல்லன்னா நோட்டோட நீளத்தையே பாதியாக்கிடுங்க.

பெடலையும் நீங்கதான் எழுதணும், எழுதலன்னா அது பேண்ட்ல கிடையாது. உதாரணமா ஒரு பார்ல கீழ டி ஆக்டேவ், மேல டி மேஜர் அர்பெஜியோன்னு வைங்க. பாஸ் க்ளாரினெட்டும் ஒரே ஒரு ட்யூபாவும் அடி நோட்டைத் தொடட்டும், ரெண்டு ஹார்ன் எஃப் ஷார்ப், ஏ ரெண்டையும் பியானிஸிமோல (ரொம்ப மெல்லிசா) பிடிச்சு நிக்கட்டும், அந்த ஹார்ன்தான் உங்க பெடல். அதுக்கு மேல அர்பெஜியோ ஓடலாம். வைப்ரஃபோன் இருந்தா அதுலயே பெடல் இருக்கு, அர்பெஜியோவுல சில நோட்டை மட்டும் அதுக்குக் கொடுத்தா மினுமினுன்னு அழகா வரும்.

இடது கையில கீழ நெருக்கமா மூணு நோட் கார்டு வந்தா தேர்டை (கார்டோட நடு நோட்) அங்க இருந்து எடுத்துடுங்க. அடியில ஆக்டேவும் ஃபிஃப்த்தும் (கார்டோட மேல் நோட்) போதும், தேர்ட் மேல ஹார்ன்லயோ க்ளாரினெட்லயோ வரட்டும். பியானோல சமாளிக்கிற அந்த நெருக்கம் ட்யூபா யூஃபோனியத்துல கலங்கிப் போயிடும்.

ஃப்ளூட் கீழ் ஆக்டேவுக்கு: அந்த இடத்துல பேண்ட்ல இருக்குற மத்த ஃப்ளூட் எல்லாம் சும்மா இருக்கணும், சாக்ஸும் ட்ரம்பெட்டும் கூட. பார்ட்டுக்கு ஒருத்தர்னு ஸ்கோர்லயே எழுதிடுங்க, நாலஞ்சு பேருக்கு மேல வேண்டாம். மெலடி இருக்குற அதே ஆக்டேவ்ல வேற யாரும் நிக்கக்கூடாது. சோலோ ஓய்வு எடுக்குற டுட்டியில (பேண்ட் மொத்தமும் வாசிக்கிற இடம்) 40 பேரையும் இறக்கி விடுங்க, அப்பதான் திரும்ப ஃப்ளூட் வரும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

சாஃப்ட்வேர் ப்ளேபேக்கை நம்பி பேலன்ஸ் முடிவு பண்ணாதீங்க, அதுல ஃப்ளூட் எங்க வாசிச்சாலும் கணீர்னுதான் கேக்கும்.

மரக்குழல்:
மாஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. நான் க்ளாரினெட், அதனால அர்பெஜியோ பத்தி மட்டும் சொல்றேன். முழு அர்பெஜியோவையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தா ரெண்டு கஷ்டம், ஒண்ணு மூச்சு விட இடம் இருக்காது, இன்னொண்ணு எங்க பார்ட்ல எழுதுற பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவுல ப்ரேக் (விரல் மொத்தமா மாறுற இடம்) இருக்கு, அதை வேகமா மேல கீழ தாண்டிட்டே இருந்தா நடுத்தர லெவல்ல தடுமாறும். கீழ் பாதியை ரெண்டாவது க்ளாரினெட்டுக்கும் மேல் பாதியை முதல் க்ளாரினெட்டுக்கும் கொடுங்க, அவங்கவங்க பக்கத்துலயே நின்னுப்பாங்க. கை மாறுற இடத்துல முதல் ஆள் அடுத்தவரோட முதல் நோட்டையும் சேர்த்து வாசிச்சு முடிக்கணும், அப்ப ஒட்டு தெரியாது.

கீ பத்தி யாரும் பேசலையே? கான்சர்ட் டி மேஜர்னா (காதுல கேக்குற கீ) எங்க பார்ட்ல எழுதுறது ஈ மேஜர், 4 ஷார்ப். ஆல்டோ சாக்ஸுக்கு பி மேஜர், 5 ஷார்ப். அரை ஸ்டெப் ஏத்தி ஈ ஃப்ளாட்டுக்குப் போயிட்டா எங்களுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி, ஹார்னுக்கு பி ஃப்ளாட். மொத்த பேண்டும் நிம்மதியா சுருதி சேரும்.

வேய்ங்குழலி:
ஃப்ளூட் வாசிக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லணும். டி மேஜர் எங்களுக்குக் கைக்கு நல்லா உட்கார்ற கீ, அந்தப் பொண்ணு மனப்பாடமா வாசிக்கிற பீஸை அரை ஸ்டெப் ஏத்தினா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரல் மாறிடும், புதுசா கத்துக்குற மாதிரிதான். அதோட பீஸோட உச்ச நோட் எதுன்னு பாருங்க, மூணாவது ஆக்டேவ் கடைசியில இருக்குற சி வரைக்கும் போகுதுன்னா அதுக்கு மேல அரை ஸ்டெப் கேக்குறது நியாயமே இல்ல. அவளைக் கேக்காம கீயை மாத்தாதீங்க ப்ளீஸ்.

மரக்குழல்:
அது சரிதான், கேட்டுட்டு முடிவு பண்ணட்டும். டி-லயே இருந்தா சாக்ஸ் பார்ட்டை ரொம்ப எளிமையா, நீள நோட்டா எழுதிடுங்க, சமாளிச்சிடுவாங்க.

நோட்டுப்புத்தகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவகிட்ட பேசிட்டேன், மேல ஏ-க்கு மேல போறதில்ல, ஆனா டி-யே வேணும்னு சொல்றா, அதனால டி-தான். இன்னொரு சந்தேகம். கடைசிப் பக்கத்துல அவ நிறைய ரூபாட்டோ (டெம்போவை இழுத்தும் விட்டும் வாசிக்கிறது) பண்ணுவா, பியானோல ஆஃப்பீட் கார்டு (தாளத் தட்டுக்கு நடுவுல விழுறது) இருக்கு. பியானோ வாசிக்கிறவர் ஒருத்தர் கண்ணைப் பார்த்து ஒட்டிப்பார், 40 பேர் எப்படி?

பழைய_பேண்ட்மாஸ்டர்:
அந்த இடத்துல ஆஃப்பீட்டையே எடுத்துடுங்க. டெம்போ இழுக்கும்போது ஆஃப்பீட் கண்டிப்பா சிதறும். ஹார்மனி மாறுற இடத்துல மட்டும் பிடிச்ச கார்டு, நடத்துறவர் கை காட்டினா மாறணும், அவ்வளவுதான். ஸ்கோர்ல சோலோ வரியை மேல முழுசா எழுதுங்க, நீள ரெஸ்ட்டுக்கு அப்புறம் நுழையுற பார்ட்ல எல்லாம் சோலோவோட கடைசி ரெண்டு பாரை சின்ன எழுத்துல க்யூவா போட்டுடுங்க.

நேரம் இருந்தா ரிம்ஸ்கி கோர்ஸகோவ் 1877-ல ட்ராம்போனுக்கும் மிலிட்டரி பேண்டுக்கும் எழுதின கான்செர்ட்டோவைப் பாருங்க. கடற்படை பேண்டுகளுக்கு இன்ஸ்பெக்டரா இருந்தவர், பேண்ட் வாத்தியங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவர். சோலோ வரும்போது யார் யாரை எல்லாம் நிறுத்துறார்னு பென்சிலால குறிச்சுட்டே போங்க. முதல் ரிஹர்சலுக்கு அந்தக் கீழ் ஆக்டேவ் பக்கத்தை மட்டும் எழுதி எடுத்துட்டுப் போங்க, நீங்க ஹால் கடைசி வரிசையில உட்கார்ந்து கேளுங்க, மீதி ஸ்கோரை அதுக்கு அப்புறம் எழுதலாம்.