.357 மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்கு ஏற்ற மருந்து எது?

வெலிங்டன் வாசி:

வணக்கம். என் அண்ணன் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வசிக்கிறார். அங்கே இலக்குச் சுடுதல் பயிலும் கழகம் ஒன்றில் உறுப்பினர். அங்குள்ள சட்டம் அனுமதிப்பதால், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் புதிதாக இட்டு, தம்முடைய .357 மேக்னம் ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். எங்கள் அப்பா புகையற்ற வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால், மருந்தைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் அண்ணன் முதலில் வீட்டுக்குத்தான் தொலைபேசியில் அழைப்பார். அப்பா இப்போது இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

அவரிடம் எச்110 என்ற மருந்து ஒரு டப்பா இருக்கிறது. முழு அளவில் நிரப்பினால் பின்னுதைப்பு கடுமையாக இருப்பதால், பயிற்சிக்காகக் கால் பங்கு குறைத்து நிரப்பலாமா என்று கேட்கிறார். விரைவாக எரியும் மருந்தை வாங்கினால் தோட்டாவுக்குச் சிறிதளவே போதும், செலவும் மிச்சம் என்று கழகத்து நண்பர் ஒருவர் சொல்கிறாராம். எது பாதுகாப்பானது, எது ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தைக் கொடுக்கும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அருவங்காடு ஓய்வூதியர்:

தம்பி, கால் பங்கு குறைக்கும் எண்ணத்தை இன்றே கைவிடச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

புகையற்ற மருந்தின் ஒவ்வொரு மணியும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. எரியும் பரப்பு எவ்வளவு, மணியின் தடிமன் எவ்வளவு, எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு எந்த அளவுக்கு ஊறியிருக்கிறது என்பவையே அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும், அழுத்தம் குறைந்தால் எரிதல் தடுமாறும். எச்110 உருண்டை மணிகளால் ஆன, மெதுவாக எரியும் மருந்து. கூட்டை ஏறக்குறைய நிறைத்து, மேக்னம் பிரைமரால் பற்றவைத்து, கூட்டின் வாயைக் குண்டின்மேல் நன்றாக மடித்து இறுக்கினால்தான் அது ஒழுங்காக எரியும். அளவைக் குறைத்தால் ஒரு தோட்டா சரியாகச் சுடும். இன்னொன்று அரைகுறையாக எரிந்து, குண்டைக் குழாயின் நடுவிலேயே நிறுத்திவிடும். அதைக் கவனிக்காமல் மறுபடி விசையை இழுத்தால் குழாய் பிளக்க நேரிடும். இந்த மருந்துக்கு, எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று அச்சிட்ட அட்டவணையில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று விற்பனை செய்யும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கூட்டினால்தான் ஆபத்து, குறைத்தால் பாதுகாப்பு என்ற பொதுவான எண்ணம் இங்கே செல்லாது.

சீரான வேகத்தைப் பற்றியும் கேட்டீர்கள். எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு தொகுதி மருந்து அடுத்த தொகுதியைப் போல அச்சாக அமைவதில்லை. வெவ்வேறு நாளில் பறித்த இலையின் தூளைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவருவதை நம் குன்னூரில் பார்க்கிறோம் அல்லவா, அதைப் போலத்தான் மருந்துத் தொகுதிகளையும் மூடிய கலத்தில் எரித்து, அழுத்தம் ஏறும் விதத்தை அளந்து, கலந்து சமன்செய்கிறார்கள். தோட்டா நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் மருந்தில் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு இருக்கும். அவர்கள் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அளவை மாற்றிக்கொள்வார்கள். தனிநபர் வாங்கும் சிறு டப்பா மருந்து, அச்சிட்ட அட்டவணைக்குப் பொருந்தும்படி மிகக் குறுகிய வரம்புக்குள் கலக்கப்பட்டது. ஆகவே முத்திரை பிரியாத டப்பாவை மட்டுமே வாங்க வேண்டும்.

பெயரை மட்டும் நம்புவதும் தவறு. ஆபெல், டிவார் என்ற வேதியியலாளர்கள் 1889இல் காப்புரிமை பெற்ற, கார்டைட் எனும் புகையற்ற மருந்தின் முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். பீரங்கிக் குழாய்கள் விரைவில் அரித்துப்போனதால் பின்னர் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். இரண்டுக்கும் பெயர் கார்டைட்தான்.

கோத்தகிரி டூ டெக்சாஸ்:

பெரியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நானும் இங்கே .357 நிரப்புகிறவன் என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன்.

1935இல் வந்த .357 மேக்னம், அதைவிட வலுக் குறைந்த பழைய தோட்டாவான .38 ஸ்பெஷலின் கூட்டைச் சற்றே நீட்டி உருவாக்கப்பட்டது. அந்த .38 கூடு புகையற்ற மருந்துக்கு முந்திய, அதிக இடம் பிடிக்கும் கரும்மருந்துக் காலத்து இடவசதியோடு பிறந்தது. அத்தகைய கூட்டில் விரைவாக எரியும் மருந்தைச் சிறிதளவு இட்டால் அது அடியில் ஒரு மூலையில்தான் கிடக்கும். துப்பாக்கியை மேல்நோக்கித் தூக்கிவிட்டுச் சுட்டால் மருந்து பிரைமரை ஒட்டியிருக்கும். கீழ்நோக்கித் தாழ்த்திவிட்டுச் சுட்டால் குண்டை ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் வேகம் வேறுபடுவதை வேகமானியில் வைத்தே பார்க்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே கூட்டில் மருந்து இருமுறை விழுந்துவிட்டாலும் வெளியே வழியாது என்பதுதான். கழக நண்பர் சொன்ன சிக்கனம் உண்மையே. ஆனால் ஒரு டப்பாவின் விலையில் மிச்சம் பிடித்து ரிவால்வரையும் விரலையும் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விரைவாக எரியும் அந்த மருந்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் கைவிளக்கின் ஒளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

முழு வேகத் தோட்டாவுக்கு எச்110 நல்ல மருந்து. மருந்தை அளந்து கொட்டும் அளவியிலிருந்து தண்ணீர்போல இறங்கும். வின்செஸ்டர் 296 என்று விற்கப்படுவதும் அதே மருந்துதான். சற்றே தணிந்த தோட்டா வேண்டுமானால் அலையன்ட் 2400 என்ற மருந்து, அளவைச் சற்றுக் குறைப்பதற்கு அதைவிட விட்டுக்கொடுக்கும். மிதமான பயிற்சிக்கு என்னுடைய யோசனை வேறு: .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். அந்தக் கூட்டுக்கென அச்சிட்ட அளவில், அதற்கென ஒரு மருந்தை வைத்துக்கொண்டால் எச்110 டப்பாவின் மீது கைவைக்கும் ஆசையே எழாது.

மருந்து, குண்டின் எடை, கூடு மூன்றும் அட்டவணையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். புளூ டாட் என்ற மருந்தை .357இல் 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள குண்டோடு பயன்படுத்த வேண்டாம் என்றும், .41 மேக்னம் என்ற வேறொரு தோட்டாவில் அறவே வேண்டாம் என்றும் அலையன்ட் நிறுவனம் 2008இல் அறிவித்தது. பழைய கையேட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

உதகை வழக்கறிஞர்:

இதைப் படிக்கும் மலைவாசிகளுக்காக ஒரு குறிப்பு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுச் சிறை. அண்ணன் அரிசோனாவில் செய்வதை இங்கே யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வெலிங்டன் வாசி:

மூவருக்கும் நன்றி. அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்; .38 ஸ்பெஷல் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபின், அவருடைய பரணில் இருந்த பழைய 2400 டப்பா ஒன்றை அவர் குடும்பத்தார் இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மூடி ஏற்கெனவே திறக்கப்பட்டது. பயன்படுத்தலாமா?

அருவங்காடு ஓய்வூதியர்:

வேண்டாம், தம்பி. அரிசோனா வெயிலில் பரண் எப்படிக் காயும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து தானாகச் சிதையாமலிருக்க டைஃபீனைலமைன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தில் அவை விரைவாகத் தீர்ந்துபோகும். மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் அமில நெடியோ, செம்பழுப்பு நிறப் புகையோ தூளோ தென்பட்டால் அந்த மருந்து கெட்டுவிட்டது என்று பொருள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், திறந்த டப்பாவுக்குள் இருப்பது மேலே ஒட்டிய பெயருக்கு உரிய மருந்துதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. காலி டப்பாவில் வேறு மருந்தை மாற்றிக் கொட்டி வைப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் வைத்திருக்காமல், அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.