மறு: ‘கோப்புச் செதுக்கல்’ பொருந்துமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். கோப்புப் பட்டியல் பாழான வட்டிலிருந்து கோப்புகளைத் தேடியெடுக்கும் ‘ஃபைல் கார்விங்’ வேலைக்கு என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஃபைல் கார்விங் என்பதற்குக் ‘கோப்புச் செதுக்கல்’ என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் சரியாக உட்காருகிறது.

அப்படி உட்காருவதுதான் உறுத்துகிறது ஐயா. சிற்பி கையில் இருப்பது வெறும் கல். உருவம் உளிபட்ட பிறகுதான் வருகிறது. பழைய நெகிழ்வட்டில் (ஃப்ளாப்பியில்) கோப்பு ஏற்கெனவே கிடக்கிறது. எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பட்டியல்தான் போய்விட்டது. ‘செதுக்கிக் கொடுத்தேன்’ என்று பத்திர எழுத்தர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ‘நீயே செஞ்சு கொடுத்தியா’ என்பார். ஆவணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தச் சந்தேகம் வரவே கூடாது.

வேலூரில் என் மேசைக்கு வருகிற வட்டுகள் பெரும்பாலும் அச்சகத்துச் சரக்கு. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், எப்போதாவது ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனியின் பழைய கணக்கு. சிலவற்றின் லேபிளில் இன்னும் ‘வ.ஆ. மாவட்டம்’ (வட ஆற்காடு) என்றிருக்கும். 1989-இல் ஒருமுறை, 2019-இல் மறுமுறை மாவட்டத்தைப் பிரித்தார்கள். லேபிளை யார் மாற்றுவது! கொண்டுவருகிறவர் எல்லாரும் ஒன்றுதான் சொல்வார்கள்: “ரெக்கவரி பண்ணிக் குடுங்கண்ணா.” நாமும் தமிழில் ‘மீட்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் அதற்குள் திணிக்கிறோம். ஒரு வேலைக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு வேலைக்குச் செல்லாது என்பது அதனால் யாருக்கும் புரிவதில்லை.

மூன்றரை அங்குல வட்டையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட்டு. இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 பிரிவு. கோப்பை அழித்தால் உள்ளடக்கம் உடனே போவதில்லை. பட்டியலில் அதன் பெயரின் முதல் பைட்டு, பதினறும எண்ணில் சொன்னால், இ5 என்று மாறும். கோப்பு கிடக்கும் துண்டுகளை, அதாவது கொத்துகளை (கிளஸ்டர்), கோத்திருந்த சங்கிலி பூச்சியமாகும். தொடக்கக் கொத்தும் அளவும் பட்டியலில் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து எடுப்பது ஒரு வேலை. அதற்கு (அன்டெலீட்) ‘அழிப்பு நீக்கல்’ என்று முன்பே பேசி முடித்தோம், சரிதான். பட்டியலே பாழாகிவிட்டால் பிரிவு பிரிவாகத் தேடி, ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப், பழைய வேர்டு கோப்பு என்றால் டி0 சிஎஃப் 11 இ0 என்று தொடங்கும் இடத்தைப் பிடித்து அங்கிருந்து வாரி எடுக்க வேண்டும். நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

என் பரிந்துரை: அரித்தெடுப்பு.

நகைப்பட்டறை இருக்கும் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். விடிவதற்குள் வாசல் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் கூட்டி அள்ளி, சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி மண்ணை வெளியே விடுவார்கள். கனமானது அடியில் தங்கும். அந்தப் பொடி யார் வளையலிலிருந்து உதிர்ந்தது என்று அரிப்பவருக்குத் தெரியாது. நம் வேலையிலும் அதே கதைதான். இந்த வேலையைச் செய்யும் ஃபோட்டோரெக் என்ற செயலி எடுத்துக் கொடுக்கும் கோப்புக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும்தான். ‘செதுக்கல்’ இந்த இடத்தைத் தொடவே இல்லை.

> ‘கோப்பரிப்பு’ என்று சுருக்கமாக வைத்தால் என்ன?

ஆரணி நண்பரே, வேண்டவே வேண்டாம்! சொறியை விடுங்கள், ‘கரையான் அரித்த ஓலை’ என்கிறோமே, கோப்பரிப்பு என்றால் கோப்பு கெட்டுப்போனதாகவே பொருள்படும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதனால் ‘எடு’ ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அரித்தெடுத்தேன், அரித்தெடுத்த கோப்பு, அரித்தெடுக்கும் செயலி — எந்த வடிவத்திலும் வாயில் சிக்கவில்லை. கடையில் சொல்லியும் பார்த்தேன், விளக்கம் கேட்கவில்லை. ‘பேர் இருக்காதா அப்போ?’ என்று மட்டும் கேட்டார்கள்.

சொல்லின் இன்னொரு வசதி, அது அளவுக்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. ஒரே மூச்சில் எழுதிய வட்டில் கோப்பு தொடர்ச்சியாகக் கிடக்கும். அரித்தால் முழுசாக வரும். பத்திரிகை வாசகத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்த வட்டில் ஒரே கோப்பு அங்கங்கே சிதறியிருக்கும். தலை கிடைக்கும், உடம்பு வேறு கோப்பினுடையதாக இருக்கும். அரித்தால் பொடி வரும், வளையல் வராது.

> டிஸ்க் இமேஜ் = வட்டுப் படிமம்

டிஸ்க் இமேஜ் என்பது வட்டில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்த கோப்பு. ‘படிமம்’ என்ற சொல்லை ஏற்கெனவே படத்துக்குக் கொடுத்துவிட்டோம். கல்வெட்டுத் துறையினர் சொல்வது போல ‘படியெடுப்பு’ போதும்: வட்டுப்படி. அரித்தெடுப்பதும் படியின் மேல்தான், வட்டின் மேல் அல்ல. வட்டைச் செருகும் முன் தகட்டு மூடியை ஓரமாகத் தள்ளி, பின்பக்க நடு உலோகத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பழுப்புப் பரப்பில் வெண்புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே நிறுத்துங்கள். துடைக்காமல் ஓட்டினால் அது இயக்கியின் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல வட்டையும் கீறும். வட்டில் எதுவும் எழுதப்படாதபடி அதன் மூலையில் உள்ள எழுதுதடைச் சாளரம் திறந்திருக்கட்டும். பிறகு படியெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற செயலி. அது நல்ல பிரிவுகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் குறித்துவைத்து, பிற்பாடுதான் திரும்பி வரும். ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டதும் சரி என்று அழுத்திவிட்டு வருகிறவர்களுக்கு எந்தக் கலைச்சொல்லும் உதவாது. நெகிழ்வட்டில் முழு ஃபார்மேட் என்றால் தடம் தடமாகப் புதிதாக எழுதுவது.

இதோடு கலக்கக் கூடாத ஒன்று: ‘கோப்பு கெட்டுப்போச்சு’ என்று வரும் பல தமிழ்க் கோப்புகள் கெடவே இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஒரு பைட்டும் குறையவில்லை. இதைச் ‘சிதைவு’ வரிசையில் போடாமல் ‘குறியாக்கப் பிறழ்வு’ என்று தனியே பதிய வேண்டும். டிஸ்கி என்ற இன்னொரு பழைய குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகளின் எண்கள் 128-க்கு மேல் இருக்கும், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்காரும். பார்த்ததுமே எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வெறும் உரைக்கோப்புக்குத் தலைக்குறி (கோப்பின் வகையைக் காட்டும் தொடக்க பைட்டுகள்) கிடையாது என்பதால் அரித்தெடுப்பில் முதலில் கைவிட்டுப் போவதும் இவைதான்.

தலைக்குறி என்று எழுதிவிட்டேன், விவாதிக்காமலே. ‘கையொப்பம்’ என்றால் மின்கையொப்பத்தோடு மோதும் என்பதால் அப்படி. ஜேபெக்கின் கடைசியில் வரும் எஃப்எஃப் டி9-க்கு ‘வால்குறி’ என்று வைக்கலாமா? எல்லா வடிவத்துக்கும் வால் கிடையாது, அதையும் பதிவில் சொல்லிவிட வேண்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து