ரோக்லிச்சின் கையை விட்டு டூர் போன நாள் எது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பேச்சை எடுக்கிறேன். ஸ்லோவேனிய சைக்கிள் வீரர் பிரிமோஷ் ரோக்லிச் 2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை எட்டாவதாக முடித்தார். அதே அணியில் 24 வயது ஃப்ளோரியான் லிபோவிட்ஸ் மூன்றாவது. இளையோருக்கான வெள்ளை ஜெர்சியும் அவருக்குத்தான். 2026க்கு பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூலையும் அந்த அணி எடுத்துவிட்டது. 2025 அக்டோபர் 29 அன்று ரோக்லிச்சுக்கு 36 வயது. இனி ஒரு டூரில் முழு அணியும் அவருக்காக உழைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்கு வுவெல்டா (ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயம்), ஒரு ஜிரோ (இத்தாலியினுடையது), டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் எல்லாம் வாங்கிய மனிதர். டூர் மட்டும் கிடைக்கவில்லை. கேட்டால் "வயசாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எந்த நாளில் அது அவர் கையை விட்டுப் போனது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நாள் சொல்வோம். அந்த நாளைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதை எழுதுங்கள்.

என் கணக்கில் அது 2020 செப்டம்பர் 19. நான் பார்த்தது தொலைக்காட்சியில்தான். கடைசிக்கு முந்தைய நாள், லூர் ஊரிலிருந்து பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலைக்கு 36.2 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியே கடிகாரத்தோடு ஓட்டுவது. மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த ரோக்லிச்சுக்கு 57 நொடி முன்னிலை. வீட்டில் எல்லோரும் அன்று இரவே கொண்டாடலாம் என்ற நினைப்பில் இருந்தோம். ஏற்றம் தொடங்கியதும் அவர் ஹெல்மெட் நெற்றியை விட்டு மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைச் சரிசெய்ய அவருக்குத் தோன்றவேயில்லை. எப்போதும் அசையாத தோள்கள் அன்று இரண்டு பக்கமும் ஆடின. தாடெய் பொகாச்சரிடம் அந்த ஒரு நாளில் இழந்தது ஒரு நிமிடம் 56 நொடி. டூரையே 59 நொடியில் இழந்தார். பொகாச்சருக்கு 22 வயது ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது. கோட்டைத் தாண்டித் தரையில் உட்கார்ந்திருந்த ரோக்லிச்சைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி எந்த டூரிலும் இந்தப் பையனைத் தாண்டித்தான் இவர் போயாக வேண்டும் என்று.

*

அண்ணா, மன்னிக்கவும், 2020ஐ நான் ஏற்க மாட்டேன். அதற்குப் பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தின் ஒரு நாள் பந்தயமான லியேஜ்-பஸ்தோன்-லியேஜில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஜூலியன் அலஃபிலிப் வென்றுவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்க, பக்கத்தில் முன்சக்கரத்தை நீட்டித் தட்டிப் பறித்தவர் ரோக்லிச். நான் கோட்டுக்கு அப்பால் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் வென்றது என்று எங்கள் பக்கம் யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே வுவெல்டாவையும் வென்றார். உடைந்துபோன ஆள் செய்கிற வேலையா அது? அப்போது அவருக்கு 30 வயது. வாய்ப்பு முழுசாக இருந்தது.

*

நான் சுவிஸில் இருக்கிறேன். என்னுடைய நாள் 2022 ஜூலை 13, கோல் து கிரனோன்.

11.3 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி ஒன்பது சதவீதத்துக்கு மேல். உச்சி 2,413 மீட்டர். விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு கல்லில் இடம் பிடித்தேன். மரம் ஒன்றும் இல்லை, வெயில் நேராகத் தலையில் இறங்கியது. போன் வேலை செய்யவில்லை. பக்கத்தில் நின்ற டச்சுக்காரர் ஒருவரிடம் சின்ன ரேடியோ இருந்தது. அவர் கேட்டுச் சொல்லச் சொல்ல, நாங்கள் பத்துப் பேர் வாய் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று அதற்கு முன்னால் வந்த கலிபியே மலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரோக்லிச் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். பிடித்த கையோடு ரோக்லிச்சின் அப்போதைய அணித் தோழர் யோனாஸ் விங்கெகோர் பாய்வார், அவரையும் பொகாச்சரே பிடிக்க வேண்டும். மறுபடியும் ரோக்லிச். துணைக்கு ஆளில்லாமல் பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். ரேடியோக்காரர் ஒவ்வொரு தடவையும் "ரோக்லிச், ரோக்லிச்" என்று கத்தினார். ஒரு வாரத்துக்கு முன்னால்தான் கல் பாவிய பாதை ஸ்டேஜில் (ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம்) ஒரு வைக்கோல் கட்டு பாதைக்குள் வந்து, ரோக்லிச் விழுந்து, தோள் மூட்டு நழுவியது. பார்க்க வந்த ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூட்டைத் தானே உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் சைக்கிள் ஏறியவர் அவர். அந்தத் தோளோடுதான் கலிபியேயில் பாய்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் இடத்துக்கு முதலில் தனியாக வந்தது விங்கெகோர். சத்தம் காதை அடைத்தது. அப்புறம் மஞ்சள் ஜெர்சியோடு பொகாச்சர், முகம் வெளிறிப்போய். அன்று அவர் விங்கெகோரிடம் இழந்தது 2 நிமிடம் 51 நொடி. அதன் பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரோக்லிச்சைக் காணவில்லை. பத்து நிமிடத்துக்கும் மேல் போயிருக்கும்.

வந்தார். உட்கார்ந்தபடியே, ஒரே சீரான மிதியில். உப்பு படிந்து ஜெர்சியின் தோள் பக்கம் வெள்ளைக் கோடுகள். நான் எதிர்பார்த்த சோர்வு அந்த முகத்தில் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவருடைய முகம் அது. டச்சுக்காரர் ரேடியோவைக் கல்லில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். அந்த இடத்தில் யாரும் கத்தவில்லை, எல்லோரும் தட்டினோம்.

அன்றுதான் அந்த அணியின் டூர் இளையவரின் கைக்கு மாறியது. மாற்றிக் கொடுத்தவர்களில் ரோக்லிச்சும் ஒருவர். சில நாளில் காயத்தோடு விலகினார். இதை நான் நேரில் பார்த்தபடியால் சொல்கிறேன், வாய்ப்பு அவரை விட்டுப் போகவில்லை, அவர் கொடுத்தார்.

*

"கொடுத்தார்" என்பதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் வயதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. நான் வார இறுதிப் பந்தயங்களில் ஓட்டுகிறவன், 41 வயது. ஒரு மலையை ஏறுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறுநாள் காலையில்தான் தெரிகிறது. மூன்று வாரப் பந்தயத்தில் அந்த மறுநாள் இருபது தடவை வருகிறது. விழுந்தால் கதை இன்னும் மோசம். 25 வயதில் நான்கு நாளில் ஆறிய தொடைச் சிராய்ப்பு இப்போது எனக்குப் பத்து நாள் எடுக்கிறது, அதுவரை இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. தூக்கம் போனால் எல்லாம் போச்சு.

அதற்காக நடக்காது என்றும் இல்லை. 2011இல் கேடல் எவன்ஸ் 34 வயதில் டூர் வென்றார். கிரெனோபிள் டைம் ட்ரையல் காலையில் ஆண்டி ஷ்லெக்கைவிட 57 நொடி பின்னால் இருந்தவர், மாலையில் ஒரு நிமிடம் 34 நொடி முன்னால். 2013 வுவெல்டாவில் கிறிஸ் ஹார்னர் 41 வயதில் நிபாலியை 37 நொடியில் முந்தினார். டூரில் வயதான வெற்றியாளர் என்றால் இன்றும் 1922இல் வென்ற ஃபிர்மான் லாம்போதான், அப்போது அவருக்கு 36. எவன்ஸுக்கு எதிரில் பொகாச்சர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகள் மணிக்கு 120 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே தள்ளியபடி முதல் மலையிலிருந்தே அடிக்கிறார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குக் காத்திருந்து பாய்வது ரோக்லிச்சின் பழைய பலம். அங்கே காத்திருக்க இப்போது ஆளே மிஞ்சுவதில்லை.

*

வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் நாளையும் சொல்லிவிடுகிறேன். இது டூர் இல்லை, 2023 ஜிரோ. இருந்தாலும் ரோக்லிச் என்றால் எனக்கு அந்த நாள்தான்.

எனக்கு வேலை ஆஸ்திரியாவில் வில்லாக் ஊரில். எல்லையைத் தாண்டினால் இத்தாலியின் தார்விசியோ. மே 27 சனிக்கிழமை, அங்கிருந்து மோந்தே லுசாரிக்கு 18.6 கிலோமீட்டர் டைம் ட்ரையல். பாதிக்கு மேல் சமதளம். அப்புறம் சைக்கிளை மாற்றிக்கொண்டு காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 12 சதவீதம். உச்சியில் ஒரு பழைய யாத்திரைத் தலம். பாதை அவ்வளவு குறுகல் என்பதால் அணியின் கார்கள் மேலே வர முடியாது, மெக்கானிக் மோட்டார் சைக்கிளின் பின்னால் உதிரிச் சைக்கிளைப் பிடித்தபடி வருவார்.

ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி கெரைன்ட் தாமஸிடம். இரண்டு நாளுக்கு முன்தான் அவருக்கு 37 முடிந்தது. ரோக்லிச் 33, பின்தங்கியிருந்தது 26 நொடி. ஸ்லோவேனிய எல்லை பக்கத்திலேயே இருப்பதால் காடு முழுக்க அவர்கள் கொடிதான். நான் நின்ற இடத்தில் நடப்பதற்கே முன்னால் குனிய வேண்டியிருந்தது.

சத்தம் கீழிருந்து ஏறி வரும், அதை வைத்தே ரோக்லிச் எங்கே என்று தெரிந்துகொண்டிருந்தோம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. குறைந்தது என்று சொல்ல மாட்டேன், நின்றேவிட்டது. பக்கத்தில் போனில் பார்த்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் ரோக்லிச் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார், செயின் கழன்றுவிட்டது. குனிந்து செயினைக் கையாலேயே மாட்டுகிறார். பின்னால் மெக்கானிக் ஓடி வருகிறார். அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது லேசான காரியமில்லை. சாலையோரத்தில் நின்ற ஒருவர் கூடவே ஓடித் தள்ளிவிட்டார். அவர் ரோக்லிச்சோடு ஒரு காலத்தில் ஸ்கீ ஜம்பிங் அணியில் இருந்தவர் என்று பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 2007இல் ஜூனியர் உலகப் போட்டியில் அணித் தங்கம் வென்ற ஸ்கீ ஜம்பர் அல்லவா நம் ஆள்!

சிறிது நேரத்தில் எங்களைத் தாண்டினார். இரண்டு அடி தூரம். வலது கை விரல்களில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. மூச்சுச் சத்தம் தனியாகக் கேட்டது. கண் எங்களைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நிலைத்திருந்தது. தாமஸைவிட 40 நொடி வேகமாக முடித்தார், ஜிரோவை 14 நொடியில் வென்றார்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய நாளில் ஜிரோவைத் தொலைத்த தாமஸ், மறுநாள் ரோமில் தன் பழைய நண்பர் மார்க் கேவென்டிஷுக்காக முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக் கொடுத்தார். கேவென்டிஷ் அந்த ஸ்டேஜை வென்றார். அடுத்த ஆண்டு, 38 வயதில், தாமஸ் மறுபடியும் ஜிரோவுக்கு வந்து மூன்றாவதாக முடித்தார். முடிந்துவிட்டது என்று யாரைப் பார்த்தும் சொல்ல எனக்கு அதற்குப் பிறகு வாய் வருவதில்லை.

*

2024 வுவெல்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது ஸ்டேஜில் பென் ஓ'கானரிடம் 4 நிமிடம் 51 நொடி பின்தங்கினார். நான் அன்றே பார்ப்பதை விட்டுவிட்டேன், தவறு என்னுடையது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, 19ஆவது ஸ்டேஜில் மொன்கல்வில்யோ உச்சியில் முதலிடத்துக்கான சிவப்பு ஜெர்சியைத் திரும்ப எடுத்தார். அதுவும் டூரில் விழுந்து விலகிய அதே கோடையில். ராபர்டோ எராஸின் நான்கு வெற்றியைச் சமன்செய்தது அப்போதுதான்.

*

எல்லாவற்றையும் படித்தேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2021இல் மூன்றாவது ஸ்டேஜில் விழுந்து, உடம்பெல்லாம் கட்டோடு சில நாள் ஓட்டி, விலகினார். 2022இல் தோள். 2023இல் டூருக்கு வரவில்லை. 2024இல் 12ஆவது ஸ்டேஜில் விழுந்து, மறுநாள் கிளம்பவில்லை. அதாவது பிளான்ஷ் மலையில் தோற்ற அந்த 2020க்கும் 2025க்கும் நடுவில் அவர் ஒரு டூரைக்கூட முழுசாக முடிக்கவில்லை. எந்த நாளில் வாய்ப்பு போனது என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஐந்து ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உரசியே போனது. கால் வலுவோடு இருந்த ஆண்டுகளில் அவர் பாரிஸ் வரை வந்து பார்க்கவே நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதனால் 2025 ஜூலையில் டூரின் கடைசி நாள் நான் பாரிஸில் மொன்மார்த்ர் மேட்டின் ரூ லெப்பிக் தெருவுக்குப் போனேன். முதல் தடவையாக டூர் அந்த மேட்டை மூன்று முறை ஏறியது. நல்ல மழை. கல் பாவிய தெரு எண்ணெய் தடவியது போல மின்னியது. வழுக்கும் என்பதால் மொத்த நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், இனி யாருடைய இடமும் மாறாது என்று அறிவித்துவிட்டார்கள். முன்னால் பொகாச்சரும் வூட் வான் ஆர்ட்டும் மோதிக்கொண்டு போக, தெருவே அவர்களைப் பார்த்துக் கத்தியது. நான் பின்னால் வருகிறவர்களைத் தேடினேன். மழையில் எல்லா ஜெர்சியும் ஒரே நிறமாகத் தெரிந்தது. முதல் சுற்றில் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாம் சுற்றில் பார்த்துவிட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக, வழுக்குகிற கல்லில் நிதானமாக, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் தளர்வாக. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கேட்டிருக்காது. விழாமல் அந்த வளைவைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.