போலந்துக் குழந்தைகள் பற்றிய சிறுவர் கதை: எங்கே ஆரம்பிக்க?

பென்னாகரம் வாத்தியார்: ஆறாம் வகுப்புப் பசங்களுக்காக ஒரு சரித்திரக் கதை எழுதுகிறேன். 1942இல் சோவியத் நாட்டிலிருந்து வந்த போலந்துக் குழந்தைகளுக்கு குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் பாலாச்சடியில் மகாராஜா திக்விஜய்சிங்ஜி முகாம் அமைத்தாரே, அதுதான் களம். போரில் தொடங்கினால் பசங்க மிரண்டுவிடுவார்களோ?

ஓசூர் அக்கா: கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரியில் தொடங்குங்கள் சார். முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் அவர்களுக்குச் சாப்பாடு. மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல், திடீர் விருந்தாளிக்கு ஒரு காலித் தட்டு. நம்ம பசங்களுக்கு வைக்கோல் புதுசா என்ன!

அரூர்க்காரன்: மகாராஜாவைத் தெய்வமாக்கிடாதீங்க. பசங்க சண்டை போடட்டும், அழட்டும்.

பென்னாகரம் வாத்தியார்: சரி, அந்தத் தட்டுக்கு உள்ளூர் மீனவப் பையன் வரலாமா?

ஓசூர் அக்கா: தாராளமாக. அன்றைக்கு இறைச்சி கிடையாது, மீன் உண்டு. வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.